இராவணன் எங்க ஊர்க்காரர்

தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்கு ஒரு மாமா இப்படி இருப்பார். ஆறு மாதம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஹையேஸ் வேன் பேசி, விடியக்காலை இரண்டு மணிக்குக் கதவு கதவாகத் தட்டி, திருகோணமலைக்கு ட்ரிப் கூட்டிக்கொண்டு போவார். போய்ச் சேர்ந்தபின் ஒன்றையும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டார். "இதென்ன பெருசு? நம்ம ஊரு மாதிரி வருமா?"

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டும், கையில் தேசிக்காய். செங்கலடியில் தரை சமமானதும் குரல் திரும்பிவிடும். "என்னா ஊருடா இது, மேடுமில்ல பள்ளமுமில்ல, ரொட்டி தட்டுற பலகை மாதிரி கெடக்கு."

கிண்ணியாப் பாலம் வந்தது. 2009-ல் திறந்தது, 396 மீட்டர் நீளம். பிள்ளைகள் ஜன்னலோரம் முண்டியடித்தார்கள். மாமா தலையைக்கூடத் திருப்பவில்லை. "இரும்பு போட்டா யாரு வேணும்னாலும் கட்டலாம் மருமகனே. 1921-லயே ஒரு கம்பி இல்லாம, கல்லும் செங்கல்லும் வச்சு ஒம்பது வளைவு கட்டிக் காட்டினோமே, தெமோதரைப் பக்கம்!" கட்டிக் காட்டினோமாம். அன்றைக்கு மாமாவின் அப்பாவே பிறந்திருக்கமாட்டார்.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்கள் நின்றன. சின்னவள் கையை நீட்டினாள். "மானா? நம்ம தேயிலைக்குள்ள சிறுத்தையே படுத்திருக்கும்." பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. 1622-ல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624-ல் கட்டிய கோட்டை அது. பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று எத்தனையோ கை மாறியது. உள்ளே பழைய வீடு ஒன்று. பிற்பாடு நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டன், 1800-ல் தங்கிய வீடு என்பார்கள். மாமா மேலும் கீழும் பார்த்தார். "இதா பங்களா? பூப்பாத்தி எங்க? நம்ம தொரை பங்களாவுல நாய்க்கூடே இதவிட நல்லாருக்கும்." அந்த பங்களாவின் முன்வாசலை மாமா ஒரு நாளும் மிதித்ததில்லை. பின்பக்கம் விறகு இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் அது "நம்ம" பங்களா.

பிற்பாடு மறுபடி எழுந்த கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு இராவணன் வெட்டுக்குப் போனோம். மலையைப் பெயர்க்க வந்த இராவணன் வாளால் பிளந்தது என்று, யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார் ஓர் ஊர்க்காரர். கீழே கடல் அறைந்தது. எனக்குக் கால் கூசியது. மாமா நடுவில் புகுந்தார்.

"தம்பி, இராவணன் எங்க ஊர்க்காரரு."

அந்த மனிதர் விழித்தார்.

"எல்லவுல அவரு பேருல நீர்வீழ்ச்சி இருக்கா? குகை இருக்கா? அப்ப வீடு எங்க? எங்ககிட்ட. இங்க சும்மா வந்துட்டுப் போனவரு. எங்கள மாதிரி ட்ரிப்பு."

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இந்த வாதம் இன்னும் பலப்பட்டது. தாயின் கிரியைக்காக இராவணன் ஏழு இடத்தில் குத்தினான், சுடுநீர் வந்தது என்பது ஐதீகம். "பாத்தியா, பதுளைக் குளிருக்குப் பழகின ஆளு. எங்க போனாலும் சுடுதண்ணி தேடுவாரு." ஏழு கிணற்றிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி ஊத்துற சூடு ஒண்ணுலயும் இல்ல" என்று தீர்ப்பு. தேத்தண்ணிக்கு ஊரிலிருந்தே தூள் கட்டிக்கொண்டு வந்து, கடைக்காரரிடம் கொடுத்து ஊற்றச் சொல்லி, நின்று மேற்பார்வை பார்க்கிற மனிதர். இவரை வெனிசுக்கே கொண்டுபோய்ப் படகில் வைத்தாலும், "மழை பேஞ்சா நம்ம லயத்துக்குள்ள ஓடுற தண்ணிதானே" என்பார். அதில் பொய்யும் இருக்காது.

நிலாவெளியில் கடலைப் பார்த்து ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. பிடிபட்டார் என்று நினைத்தேன். அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "உப்பு. துன்ஹிந்தயில 64 மீட்டர் மேலருந்து தண்ணி விழுது, அள்ளிக் குடிக்கலாம்." ஆனால் பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவரும் அவரேதான். அலை வரும்போதெல்லாம் பிள்ளையைவிட அவர்தான் கத்தினார். வேட்டி போன திசை தெரியவில்லை. அப்போது நம்ம ஊர் ஒருதரம்கூட வாயில் வரவில்லை.

இவ்வளவு நேரம் சிரித்தேன். இனிச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் எங்கே? கரையில், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள், காற்றுக்கு நெருப்பு அணையாதிருக்க. முதல் நாள் இராத்திரி முழுக்க ரொட்டி சுட்டவர்களும் அவர்கள்தான். ட்ரிப்புக்கென்று இரண்டு நாள் பேர்க் கூலி போனதும் அவர்களுக்குத்தான். முப்பது வருஷம் மலையேறிக் கொழுந்து பறித்த அத்தை, சட்டி கழுவி முடித்துச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தபோது, வேனில் ஹார்ன் அடித்தது. "நேரமாச்சு, ஏறுங்க ஏறுங்க!" மாமாவின் குரல். அத்தை கடலில் நின்றது பத்து நிமிஷம் இருக்காது.

இப்போது அடுத்த வருஷத்துக்கு வசூல் தொடங்கியாயிற்று. இந்தமுறை காலி. "அங்க என்னா இருக்கு, கோட்டைதானே, அதான் பாத்தாச்சே" என்று சொல்லிக்கொண்டேதான் கொப்பியில் பேர் எழுதுகிறார். எல்லாரும் கொடுத்தபின் அத்தையும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினார்.

"இந்தத் தடவ சட்டி பானை வேணாங்க. கடையில சோத்துப் பார்சல் எடுத்துக்குவோம்."

மாமா கொப்பியிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "பார்சல் சோறு நம்ம வீட்டுச் சோறு மாதிரி வருமா?"

அத்தை காசைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.