டிசம்பர் 25-ஐயும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

கான்பெராவில் வீற்றிருக்கும் மாண்புமிகு ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சகத்தாருக்கு,

1975-ல் நீங்கள் தொடங்கிய வேலை-விடுமுறை விசாத் திட்டத்துக்கு அரை நூற்றாண்டு நிறைந்துவிட்டது. தாமதமான வாழ்த்துகள். முதுகில் ஒரு பையோடு வந்து இறங்கும் அயல்நாட்டு இளைஞர்கள், அதாவது பேக்பேக்கர்கள், ஓராண்டு ஊர் சுற்றட்டும், வழிச்செலவுக்குக் கொஞ்சம் வேலையும் பார்க்கட்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். 2005-ல் அதில் ஒரு திருத்தம் செய்தீர்கள். இரண்டாம் ஆண்டும் தங்க ஆசைப்படுகிறவர் பெருநகரத்தை விட்டு வெளியே போய், நீங்கள் பட்டியலிட்ட தொழில்களில் ஒன்றில் மூன்று மாதம், அதாவது 88 நாள், உழைத்திருக்க வேண்டும் என்றீர்கள். 2019-ல் மூன்றாம் ஆண்டுக்கும் கதவைத் திறந்து, அதற்கு விலை ஆறு மாத உழைப்பு என்று நிர்ணயித்தீர்கள். பட்டியலில் மீன்பிடி, சுரங்கம், கட்டுமானம் எல்லாம் உண்டு. ஆனாலும் பேக்பேக்கர் என்றதும் உங்கள் நாட்டில் எவருக்கும் நினைவுக்கு வருவது பழத்தோட்டம்தான். ஊர் சுற்றும் தகுதியை ஏணியில் ஏறி நிரூபிக்கச் சொன்ன உங்கள் கற்பனை வளத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. என் விண்ணப்பம் மிகச் சிறியது. அந்த 88 நாளில் டிசம்பர் 25-ஐயும் ஒரு நாளாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இது பக்தி சம்பந்தப்பட்ட விஷயமல்ல, பருவம் சம்பந்தப்பட்டது. உங்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. பழம் பழுப்பதும் அப்போதுதான். நியூ சவுத் வேல்ஸில் யங் என்ற ஊர், தன்னை ஆஸ்திரேலியாவின் செர்ரித் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் செர்ரிக்கென்றே விழாவும் எடுக்கிறது. அங்கே அறுவடை ஓயும் நேரத்தில் டாஸ்மேனியாவில் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் விருந்து மேசைக்குச் செர்ரி வேண்டும். அது முடிந்ததும் சீனப் புத்தாண்டுக்கு விமானம் ஏற்ற வேண்டும். ஆக, ஊரார் பண்டிகைகள் வரிசையாக வந்து போகின்றன, பறிக்கிறவருக்கு மட்டும் எதுவும் வருவதில்லை. பறிக்கும் பருவத்தில் மழை பெய்தால் செர்ரி வெடித்துவிடும் என்பதால், மரங்களுக்கு மேலே ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு அதன் காற்றில் பழங்களை உலர்த்துகிறார்கள். பழத்துக்கு ஹெலிகாப்டர் வருகிறது. அதே மழையால் அன்றைக்கு வேலையில்லாமல் விடுதியில் சுருண்டு கிடக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கோ கூலியும் இல்லை, 88-ல் ஒரு நாள் கழிவதும் இல்லை; உழைத்த நாள்தானே கணக்கு. கிறிஸ்துமஸ் அன்றும் இதே கதிதான். அரசு விடுமுறையில் வேலை வாங்கினால் கூடுதல் கூலி தரவேண்டும் என்று சட்டம் இருப்பதால், தோட்டத்தை மூடிவிடுவதே முதலாளிக்கு லாபம். பண்டிகை தொழிலாளிக்கு மட்டும் நஷ்டக் கணக்கில் ஏறுகிறது. 2024-ல் குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 1,000 இந்தியர்களுக்கும் இந்தப் பாக்கியத்தை நீட்டியிருக்கிறீர்கள். அதில் இடம் பிடித்த தமிழ்ப் பிள்ளை ஒருவன் தை முதல் நாளில் டாஸ்மேனியத் தோட்டத்தில் நின்றால், அறுவடைத் திருநாளை அறுவடை செய்தே கொண்டாடிவிடலாம். அவனுக்காக நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

"யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, விரும்பி வந்தார்கள், ஊரில் கிடைக்காத கூலியை வாங்கிக்கொண்டு போகிறார்கள்" என்று உங்கள் தரப்பில் சொல்வார்கள். பாதி உண்மை. கூலி நல்ல கூலிதான், காகிதத்தில். உங்கள் அரசின் தொழில் நியாய அதிகாரியே விசாரித்து 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், இந்த விசாக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலானவர்கள் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகப் பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். பறித்த எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கும் மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டு என்ற விதி 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் தொழிற்சங்கம் வழக்காடிப் பெற்றது. அதுவரை 47 ஆண்டுகள். இதையெல்லாம் எதிர்த்துக் கேட்கலாமே என்றால், அடுத்த ஆண்டு விசாவுக்குக் காட்ட வேண்டிய சம்பளச் சீட்டு அந்த முதலாளி கையில் இருக்கிறது. எண்பதாவது நாளில் நிற்கிறவர் முதலாளியோடு சண்டை போடுவாரா, இன்னும் எட்டு நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாரா? விரும்பி வந்தார் என்பது உண்மை. விரும்பியபோது விலகிப்போகும் உரிமையை விசாவின் நிபந்தனையே தின்றுவிட்டது என்பதும் உண்மை.

வரி விஷயம் இதைவிடச் சுவையானது. உங்கள் நாட்டில் வசிப்பவருக்கு ஆண்டு வருமானத்தில் முதல் 18,200 டாலருக்கு வரி கிடையாது. பேக்பேக்கருக்கு 2017 முதல், முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். ஓய்வுகாலத்துக்கென முதலாளி போட்டுவைக்கும் சேமிப்பை நாடு திரும்பும்போது எடுத்தால் 65 சதவீதத்தை வரியாக வைத்துக்கொள்கிறீர்கள். மூப்பு வருமுன்பே ஊரை விட்டுப் போகிறவருக்கு ஓய்வூதியம் எதற்கு என்ற உங்கள் தர்க்கம் புரிகிறது. பணம் மட்டும் எதற்கு உங்களிடமே தங்கவேண்டும் என்பதுதான் புரியவில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற வெளிநாட்டவர்மேல் நீங்கள் விதிக்கும் வரியோடு ஒப்பிட்டால் 15 சதவீதம் சலுகைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் வசிப்பவராகக் கருதத்தக்க ஒரு பிரிட்டிஷ் பெண்ணின் வழக்கில், உள்ளூர்க்காரரைவிட அதிக வரி வாங்குவது இரு நாட்டு ஒப்பந்தத்துக்கு மாறான பாகுபாடு என்று உங்கள் உயர் நீதிமன்றமே 2021 நவம்பரில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பலன், அத்தகைய ஒப்பந்தம் வைத்திருக்கும் சில நாட்டவருக்கு மட்டும். மற்றவர்கள் எந்த நாட்டில் பிறந்தோம் என்று நொந்துகொள்ளலாம். அதற்கு வரி இல்லை.

யாருக்கு யார் தேவை என்பதைப் பெருந்தொற்று சந்தேகமில்லாமல் காட்டிக்கொடுத்தது. 2020 ஏப்ரலில் உங்கள் பிரதமர் ஸ்காட் மாரிசன், தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள முடியாத தற்காலிக விசாக்காரர்கள் ஊருக்குக் கிளம்பலாம் என்றார். கிளம்பினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே தோட்ட வேலைக்கு ஆள் தேடி, இடம்பெயரத் தயாரானவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கினீர்கள்: உள்ளூர்க்காரருக்கு 6,000 டாலர் வரை, தற்காலிக விசாக்காரருக்கு 2,000 டாலர் வரை. ஒரே தோட்டம், ஒரே ஏணி, மூன்று மடங்கு வித்தியாசம். 2022 ஜனவரியில் அதே பிரதமர், பன்னிரண்டு வாரத்துக்குள் வந்து சேரும் பேக்பேக்கர்களுக்கு விசாக் கட்டணத்தையே திருப்பித் தருவதாகக் கூப்பிட்டார். விருந்துக்கு என்று அழைத்து மாவாட்டச் சொல்வதை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் வெளியே துரத்திய விருந்தாளியைப் பேருந்துக் காசு கொடுத்துத் திரும்ப அழைத்து, பிறகு மாவாட்டச் சொல்வது புதிது.

இனி நீங்கள் கட்டாயம் எடுத்துவைக்கும் கடைசி ஆட்சேபம், குப்பை. 2016 கிறிஸ்துமஸ் அன்று சிட்னியின் கூஜி கடற்கரையில் சுமார் 10,000 பேர், பெரும்பாலும் பேக்பேக்கர்கள், கூடிக் குடித்துக் கொண்டாடி 15 டன் குப்பையை விட்டுப்போனார்கள். ராண்ட்விக் நகராட்சி அங்கே மதுவுக்குத் தடை போட்டது. பின்னாளில் கூட்டம் ப்ரான்டி கடற்கரைக்கு நகர்ந்தது. குப்பை போட்டது அவர்கள் தப்பு, அதற்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: தலைக்கு ஒன்றரைக் கிலோ. வீடு இல்லாதவர், சமையலறை இல்லாதவர், உறவினர் இல்லாதவர் அத்தனை பேரும் பண்டிகையைக் கொண்டாட ஊரில் மிச்சமிருக்கும் ஒரே பொது இடம் கடற்கரை. ஆறு நாள் கழித்து இதே சிட்னியில் புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்கத் துறைமுகத்தைச் சுற்றிப் பத்து லட்சம் பேர் கூடுகிறார்கள். அவர்களும் குடிக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள். அதற்கு நகரம் மாதக்கணக்கில் திட்டமிடுகிறது, கழிப்பறை வைக்கிறது, கூடுதல் ரயில் விடுகிறது, மறுநாள் உலகத் தொலைக்காட்சிகளில் பெருமைப்பட்டுக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தில் நிற்கும் பேக்பேக்கர் சுற்றுலா வருமானம். ஆறு நாளுக்கு முன் கடற்கரையில் நின்ற அதே ஆள் பொதுத்தொல்லை. கடற்கரை நகராட்சியின் பொறுப்பு, எங்களுடையதல்ல என்பீர்கள். சரிதான். ஆள் மட்டும் நீங்கள் அனுப்பியது.

ஒரு நாளைக் கழித்தால் தோட்டங்கள் தாங்காது, ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்ற பயம் வேண்டாம். ஏற்கெனவே விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள்தானே நீங்கள். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, பிரிட்டனோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தோட்டத்துப் பக்கமே எட்டிப்பார்க்காமல் மூன்று ஆண்டுகள் இந்த விசாவில் இருக்கலாம். 88 நாளும் தள்ளுபடி. அதன் மேல் ஆறு மாதமும் தள்ளுபடி. பிரெஞ்சுக்காரரும் தைவான்காரரும் இந்தியரும் ஏணியில் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் நான் கேட்பது 88 நாளின் தள்ளுபடியை அல்ல. கிறிஸ்துமஸ் அன்று தோட்டத்தை மூடுவது முதலாளி. ஆகவே அந்த ஒரு நாளை வேலை பார்த்த நாளாக எழுதிக்கொள்ள ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அரசாணைகூட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் விசா விதிகளைப் பொழுதுபோக்காகப் படிக்கும் ஒரு தமிழ் வாசகன்