பெட்டி கூடினால் வேகம் கூடுமா?

கேள்வி: மாடிக்கு மாடி வைஃபை மெஷ் பெட்டி வைத்துவிட்டேன். சிக்னல் ஃபுல். வேகம் மட்டும் படுத்துவிட்டதே?

பதில்: சிக்னல் கோடு உங்கள் போனுக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள உறவைத்தான் சொல்லும். பெட்டிகள் தங்களுக்குள் படும் பாட்டை அது காட்டாது. எல்லாம் ஒரே சானலில் இருந்தால், ஒன்று பேசும்போது அக்கம்பக்கத்தவை வாய் மூடிக்கொள்ள வேண்டும். வரிசையாக நீளும் பெட்டிச் சங்கிலியில் நாலில் ஒரு பங்கு வேகமாவது மிஞ்ச வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2001-இல் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். வந்தது ஏழில் ஒரு பங்கு.

கேள்வி: வைத்துப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்குக் கணக்கு எதற்கு?

பதில்: மூன்று பெட்டி என்றால் வைத்தே பாருங்கள். முந்நூறு என்றால்? பியூஷ் குப்தாவும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி.ஆர். குமாரும் 2000-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மூலபாடம். நிலையங்களை (பெட்டியோ போனோ) எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும், ஆளுக்குக் கிடைக்கும் வேகம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். கூட்டம் நூறு மடங்கானால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. அத்தனை பேரும் இன்டர்நெட்டுக்காக ஒரே வாசலில் வந்து நின்றால் நூறில் ஒரு பங்கு. விளம்பரத்தில் இந்த வர்க்கமூலத்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஆட்கள் நடமாடினால் இன்னும் மோசமாகுமா?

பதில்: இல்லை, வேகம் கூடும்! குரோஸ்கிளாசர், டேவிட் சே என்ற ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். தகவலைச் சுமந்தவர் உரியவரின் அருகே போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எப்போது சேரும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

கேள்வி: பெட்டிக்குப் பெட்டி தாவித்தானே தகவல் போகிறது? தாவல் குறைந்த வழிதானே நல்ல வழி?

பதில்: அவசியமில்லை. நேர்வழியில் போகும் பாக்கெட்டில் 50 சதவீதம் சேர்கிறது, 'வந்தது' என்ற ஒப்புகையில் 60 சதவீதம் திரும்புகிறது என்று வையுங்கள். பெருக்கினால் 0.3. ஒரு பாக்கெட்டைச் சராசரியாக 3.3 முறை அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு பெட்டி வைத்து, இரு தாவலிலும் போக வர 90 சதவீதம் கிடைத்தால், தாவலுக்கு 1.23, மொத்தம் சுமார் 2.5. சுற்றுவழியே லாபம். 2003-இல் எம்.ஐ.டி.யில் பிறந்த இந்த அளவுகோலின் பெயர் ஈ.டி.எக்ஸ்.

கேள்வி: கணக்கு இருக்கட்டும், நான் என்ன செய்ய?

பதில்: பெட்டிகளுக்கு நடுவே ஈதர்நெட் கேபிள் இழுங்கள். சுவரைத் துளைக்க வீட்டில் சம்மதிக்கவில்லையா? பெட்டிகள் தமக்குள் பேசத் தனி பேண்டு உள்ள மாடலை வாங்குங்கள். இரண்டும் ஆகாதென்றால், ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள்.