தாத்தா படகுக்கு என்ன பூச்சு?

கே: தாத்தா ஓட்டிய மரப்படகைத் தேக்கில் சின்னதாகச் செய்திருக்கிறேன். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைக்கட்டுமா?
- ஒரு வாசகர், பழவேற்காடு

ப: வேண்டாமே! உங்கள் தாத்தாவின் படகு முகம் பார்க்கிற மாதிரி மின்னியதா என்ன? மீன் எண்ணெயும் குங்கிலியமும் குடித்துக் கறுத்த மரமல்லவா அது! சிறிய உருவத்தில் பளபளப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். நீங்கள் பாடுபட்டுப் பொருத்திய பலகை இணைப்புகளை மறைத்துவிடும். அதற்காக மீன் எண்ணெயையே பூசிவிடாதீர்கள், பாராட்ட முதலில் பூனைதான் வரும்.

அரக்குப் பாலிஷ் அழகுதான். ஆனால் ஏரிக்காற்றின் ஈரத்தில், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் வெள்ளை பூத்துவிடும்.

என் ஓட்டு ஆளிவிதை எண்ணெய்க்கு. 1613இல் உங்கள் ஊரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டில், ஓவியர்கள் வண்ணம் குழைத்ததும் இந்த எண்ணெயில்தான். பெயிண்ட் கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று கேளுங்கள். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்காகும். மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள். படகின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள், தாத்தா வைத்த பெயரையே!