எட்டுக்கால் குடித்தனம்

"நாய் வேணாம், பூனை வேணாம். ஒரே ஒரு டரான்டுலா வாங்கிக் குடுங்கப்பா" என்றான் மகன். அம்பத்தூரில் வாடகை வீடு. நாய்க்குத் தடை, அசைவத்துக்குத் தடை, ராத்திரி பத்துக்கு மேல் மோட்டாருக்குத் தடை என்று அடுக்கிய வீட்டுக்காரர், எட்டுக்கால் பூச்சியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. பையன் அந்த ஓட்டையைப் பிடித்துவிட்டான்.

அவன் கேட்டது டிரினிடாட் பக்கத்துக் குள்ள ரகம். வயிற்றில் புலிக்கோடு, முழுசாக வளர்ந்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம்தான். "செலவே இல்லப்பா, கரப்பான் பூச்சி போட்டா போதும்." கரப்பான் விஷயத்தில் எங்கள் தெரு தன்னிறைவு அடைந்து வெகுகாலம் ஆகிறது.

"எத்தனை வருஷம் இருக்கும்?" என்றாள் மனைவி.

"பொண்ணுன்னா, சில ரகம் இருபது வருஷம்கூட இருக்கும்மா. ஆண் சீக்கிரம் போயிடும்."

என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதன்பின் சிலந்தி இனத்தின் மீது அவளுக்குத் தனி மரியாதை.

வாங்குகிற வழியில்தான் வில்லங்கம். 2021 ஜூலையில், போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த பார்சலைச் சென்னையில் சுங்கத்துறை பிரித்தது. தெர்மோகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 குப்பிகள். உள்ளே உயிருள்ள சிலந்திகள். இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதார அனுமதியும் இல்லை. வந்த வழியே திருப்பி அனுப்ப முடிவானது. 856 கால்களில் ஒன்றுக்குக்கூட அருப்புக்கோட்டை மண்ணை மிதிக்கக் கொடுப்பினை இல்லை.

இத்தனைக்கும், உலகமே ஏங்கும் நீலச் சிலந்தி நம் ரயில் பாதைக்காரி. 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேயர் விவரித்துப் பெயரிட்ட அது அகப்பட்டது, ஆந்திராவின் குத்தியில், ரயில்வே மரக்கிடங்கில். அம்பத்தூர், ஆவடியைத் தாண்டி மும்பைக்கு ஓடும் பாதையில் இருக்கும் அதே குத்திதான். மரக்கட்டையோடு டிக்கெட் எடுக்காமல் வந்து இறங்கியிருக்கும் என்கிறார்கள். சொந்த இடம் நந்தியால், கித்தலூர் பக்கத்துக் காடு. காடு அழிய அழிய அங்கே மிச்சம் சொற்பம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டியில் பிறந்தவை ஏராளம். நம் வீட்டுப் பிள்ளைகள் கதைதான்.

கடைசியில் உள்ளூர்க்காரரையே வளர்ப்பதென்று சமரசம் செய்தேன். குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒருவர் ஏற்கெனவே குடியிருக்கிறார். வலை கட்டுவதில்லை, கரப்பானை ஓடிப் பிடித்துச் சாப்பிடுகிறார்.

"கலரே இல்லையேப்பா" என்று முனகினான் மகன்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. "ஆனா பேரு மட்டும் வெச்சிடாதீங்க. அப்புறம் ரேஷன் கார்டுல சேர்க்கணும்னு நிப்பீங்க."