பெயருக்குத்தான் விலை

பிரான்சின் பர்கண்டியில் கட்டுப்படியாகும் விலைக்கு நல்ல வெள்ளை வைன் வேண்டுமா? லேபிளைப் பார்க்காதீர்கள், வரைபடத்தைப் பாருங்கள். மோன்ராஷே என்ற திராட்சைத் தோட்டம் மொத்தமே சுமார் 8 ஹெக்டேர். அதில் பங்குள்ள புலினி, ஷசாஞ் என்ற இரண்டு ஊர்களும் 1879-ல் தோட்டத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டன. ஜமீன் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்வது மாதிரி. விளைவு, ஊர்க்கோடித் திராட்சைக்கும் ஜமீன் மிடுக்கு.

மோன்ராஷே இருக்கும் குன்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் சேந்தோபான் என்ற ஊர். அங்கேயும் ஷார்டனே திராட்சைதான், சுண்ணாம்பு மண்தான். குளிர்ந்த பள்ளத்தாக்கு என்பதால் முன்பெல்லாம் பழம் பழுக்கவே சிணுங்கும். பூமி சூடாகிவிட்டதில் இப்போது ஜோராகப் பழுக்கிறது. உலகத்துக்குக் கேடு, சேந்தோபானுக்கு யோகம்.

தெற்கே புயி-ஃபுய்சேயில் 2020 அறுவடையிலிருந்து சில தோட்டங்களுக்கு ‘பிரெமியே க்ரூ’ என்ற உயர்தரப் பட்டம். மண்ணும் மாறவில்லை, கொடியும் மாறவில்லை. லேபிளில் ஒரு வரி கூடியது. அந்த வரிக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே சேன்-வேரான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. ரோமானே-கோன்தி என்ற, சொத்தை எழுதிக் கொடுத்து வாங்கவேண்டிய வைனைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பங்குதாரர் ஒபேர் த வில்லேன், தமக்கென்று தோட்டம் போட்ட ஊர் பூஸ்ரோன். அலிகோத்தே என்ற ‘ஏழைத்’ திராட்சைக்குப் பேர்போன ஊர். சத்தம் போடாமல் வாங்கிக் குடியுங்கள். வெளியே தெரிந்தால் அதற்கும் ஒரு பட்டம் கொடுத்துவிடுவார்கள்.