தலைக்கு இவ்வளவு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் அரசுக்கே ஒரு சந்தேகம். வழக்கம்போல் சில இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, மறுபடி வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார்கள். இரண்டு முறை பதிவானவர்களைக் கழித்த பிறகும் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். 2001-லும் அதே 23தான். விட்டுப்போவதில்கூட என்னவொரு ஒழுங்கு!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்தால் சங்கதி புரியும். பகல் ஷிப்ட் ஒடிசாக்காரர் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் பீகார்க்காரர் படுக்கிறார். கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் எழுந்திருக்க மாட்டார், எழுந்தவர் உள்ளே இருக்க மாட்டார். வீட்டு ஓனரைக் கேட்டால், "ரெண்டே பேருதான் சார்" என்பார். வாடகை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று எட்டுத் தலைக்கும் கறாராக வசூல். 2027 கணக்கெடுப்புக்கு அவரையே போட்டுவிட்டால் மறுசரிபார்ப்புச் செலவு மிச்சம்.