கல்யாணப் பத்திரிகை வைத்தலில் மன வரைபடம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கல்யாணம் நிச்சயமானதும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே 'கல்யாணம்' என்று எழுதி, சுற்றிலும் கோடு இழுப்பவர் பெரும்பாலும் ஐ.டி. வேலையில் இருக்கும் மூத்த மகனே. ஆபீசில் வெள்ளைப் பலகையில் தீராத பழக்கம் வீட்டில் தீர்கிறது என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள்.

இவ்வித்தைக்கு 'மைண்ட் மேப்' என்று பெயர் சூட்டிப் பரப்பியவர் இங்கிலாந்தின் டோனி புசான். 1974-இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் வழியே பிரபலமாக்கினார். தாளைப் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். நடுவில் படம், கிளைகள் வளைந்தவை, பல வண்ணம், கோட்டுக்கு ஒரே சொல். மண்டபம், சமையல், மேளம் ஆகியவை இவ்விதிக்குச் சமர்த்தாகக் கட்டுப்படும். தகராறு உறவுக் கிளையில். 'சித்தப்பா' என்று ஒற்றைச் சொல் எழுதினால், எந்தச் சித்தப்பா? பம்பாய்க்காரரா, பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்தியவரா?

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. நடு வட்டத்திலிருந்து கிளம்பும் கிளைகளுக்குள் முன்பின் கிடையாது. தாய்மாமனும் தவணைக்கு டிவி கொடுத்த கடைக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அரசியல் சட்டத்துக்கு இது உகந்தது. பத்திரிகை வைப்பதற்கு ஆகாது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அடுத்து தாய்மாமன், தாம்பாளம், வெற்றிலை பாக்கு, தம்பதியாக நேரில். "எங்களுக்கு முன்னாடி யார் யாருக்கு வெச்சீங்க?" என்று அத்தை கேட்கும்போது வண்ணப் பென்சில் சாட்சிக்கு வராது. (வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அழைச்சாச்சு" என்பவர்களை இவ்வாய்வு பொருட்படுத்தவில்லை.)

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் நோவாக் 1970-களில் குழந்தைகளின் அறிவியல் அறிவை ஆராய உருவாக்கிய கருத்து வரைபடம் சற்றுத் தேவலை. பொதுவானது மேலே, குறிப்பானது கீழே. இணைக்கும் கோட்டின் மீதும் சொல் எழுதுவது அதன் சிறப்பு. 'பெரியப்பா — முறைத்துக்கொள்வார் — சின்ன மாமா' என்று எழுதிவிடலாம். ஆனால் அத்தாளைப் பெரியப்பா கண்ணில் படாமல் வைக்கும் முறையை நோவாக் வகுக்கவில்லை.

வரிசையும் படமும் பிரியாத வரைபடம் தமிழில் முன்பே உண்டு. குடந்தைப் பெருமாள் ஆராவமுதன் மீது திருமங்கையாழ்வார் பாடிய திருவெழுகூற்றிருக்கையில் ஒன்று, இரண்டு, ஒன்று; ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என எண்கள் ஏழு வரை ஏறி இறங்கும். கட்டங்களில் அடுக்கினால் தேர் எழும்; இதுவே ரதபந்தம். ஓர் எண் இடம் மாறினாலும் தேர் கோணிவிடும். உறவுமுறையின் இயல்பும் இதுவே என்பதால், ரதபந்தத்தையே பத்திரிகைப் பட்டியலுக்கு ஏற்ற வடிவமாக இவ்வாய்வு அறிவிக்கிறது.

தேர் வரையத் தெரியாதவர்களுக்கு எளிய பரிந்துரை: வட்டத்தை மகன் போட்டுக்கொள்ளட்டும். எண்களை மட்டும் பாட்டியைக் கேட்டுப் போடுங்கள்.